பணியிடம் இல்லாத ஆசிரியர்

தமிழகப் பள்ளிக் கல்வித் துறையில் ‘சிறப்பாசிரியர்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. ஓவியம், தையல், இசை, உடற்கல்வி கற்பிப்பவர்தான் சிறப்பாசிரியர். அந்தப் பணிக்கு விதிகள் இருக்கின்றன. ஆசிரியர் தேர்வு வாரியம் அதற்குத் தேர்வும் நடத்தியிருக்கிறது. பார்வையில்லாத குழந்தைக்குப் பிரெய்லி சொல்லிக்கொடுப்பவரும், காது கேளாத குழந்தைக்கு மொழியைக் கொண்டுசேர்ப்பவரும், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையின் விரலைப் பிடித்து ‘ட’வையும் ‘ப’வையும் பழக்குபவரும் இந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பெயர் ‘சிறப்புப் பயிற்றுநர்’. வட்டார வளமையத்தில் இருந்துகொண்டு, இன்று ஒரு பள்ளி, நாளை இன்னொரு பள்ளி, இடையில் படுக்கையிலேயே இருக்கும் ஒரு குழந்தையின் வீடு என்று பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் போய்வருகிறவர்கள். தொகுப்பூதியம். திட்டம் இருக்கும்வரை வேலை. நீண்ட காலம் இவர்கள் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே அமர்த்தப்பட்டார்கள். அரசு தன் ஊழியர் என்று இவர்களைச் சொல்லிக்கொள்ளவில்லை.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கல்விக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். எப்படிச் செலவிடுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தியாவில் இந்தக் குழந்தையின் கல்வி சட்டத்தில் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது, பணமோ திட்டத்தின் வழியாக வருகிறது. உரிமைக்கு முடிவு தேதி கிடையாது. திட்டத்துக்கு உண்டு. சட்டப் புத்தகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் அந்தப் பயிற்றுநரும் அவர் தேடிப்போகும் குழந்தையும் நிற்கிறார்கள்.

இந்த இடைவெளி நேற்று உண்டானதல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே எழுந்துவிட்டன. அவற்றைத் தொடங்கியவர்கள் மிஷனரிப் பெண்கள். அப்போதிருந்தே இந்தக் கல்வி தருமத்தின் கணக்கில் வைக்கப்பட்டது. அரசு மானியம் கொடுத்து ஒதுங்கி நின்றது. 1964–66 கோத்தாரி குழு, ஊனமுற்ற குழந்தைகளின் கல்வி பொதுக் கல்வியிலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்று சொன்னது. சொல்லிவிட்டு, 1986க்குள் பார்வையற்ற, காது கேளாத, உடல் ஊனமுற்ற குழந்தைகளில் சுமார் 15 சதவீதத்தினருக்கும், மனவளர்ச்சி குன்றியவர்களில் 5 சதவீதத்தினருக்கும் கல்வி என்று இலக்கு வைத்தது. இருபது ஆண்டுத் தவணைக்குப் பிறகும் நூற்றில் எண்பத்தைந்து பேர் வெளியே இருப்பார்கள் என்பது அன்று நாகரிகமான ஒரு குழு ஏற்றுக்கொண்ட கணக்கு. அந்தக் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணத்தைப் பார்த்து இலக்கு வைத்தார்கள். பணம் வேறு எதற்கெல்லாமோ போய்க்கொண்டிருந்தது.

1974இல் ஒருங்கிணைந்த கல்விக்கென்று முதல் மத்தியத் திட்டம் வந்தது. சாதாரணப் பள்ளியில் சேரும் ஊனமுற்ற குழந்தைக்குப் புத்தகம், சீருடை, போக்குவரத்து, துணைக்கு வருபவருக்குப் படி என்று உதவிகள் கொடுத்தது. தொடங்கிய அமைச்சகம் சமூக நலம். 1982இல்தான் அது கல்வி அமைச்சகத்தின் கைக்கு மாறியது. பிறகு 1995ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கியபோது, எவ்வகை ஊனமானாலும் எந்தக் குழந்தையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம். 2012இல் அதற்கு வந்த திருத்தம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பின்தங்கிய பிரிவுக்குள் கொண்டுவந்து, கடும் குறைபாடுள்ளவர்களுக்கு வீட்டுவழிக் கல்வியையும் அனுமதித்தது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுடன். சட்டங்களைப் பொறுத்தவரை நாம் ஏழை நாடு அல்ல.

இனி ரூபாய்க்கு வருவோம்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கியபோது, சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அது 3,000 ஆனது. அதில் குறைந்தது 1,000 ரூபாயைப் பயிற்றுநர்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்றார்கள். 2018இல் எல்லாத் திட்டங்களையும் இணைத்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதாவது சமக்ர சிக்ஷா, வந்தபோது தொகை 3,500 ஆயிற்று. அதோடு மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை, பத்து மாதங்களுக்கு. 2010க்கும் 2018க்கும் இடையே உயர்ந்தது ஐந்நூறு ரூபாய். விலைவாசியோ 2010இலிருந்து இன்றுவரை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எனவே வாங்கும் சக்தியில் பார்த்தால் தொகை குறைந்திருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் நடுநிலை வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாட்களைக் கட்டாயமாக்குகிறது. 3,500ஐ 220ஆல் வகுத்தால் நாளுக்கு 16 ரூபாய்கூட வரவில்லை. பிரெய்லிப் புத்தகம், பெரிய எழுத்துப் புத்தகம், காதொலிக் கருவிக்கு மின்கலம், மதிப்பீட்டு முகாம், பயணப்படி, துணையாள் படி என்று குழந்தையைச் சார்ந்த செலவுகள் இதற்குள் அடங்க வேண்டும். கருவிகளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு உண்டு: கான்பூரிலுள்ள அலிம்கோ நிறுவனத்தின் வழியாக வரும் சக்கர நாற்காலி, காதொலிக் கருவி முதலியவற்றின் விலையில் 60 சதவீதம் சமூக நீதி அமைச்சகத்தின் உதவித் திட்டத்திலிருந்தும், 40 சதவீதம் கல்வித் திட்டத்திலிருந்தும் கொடுக்கப்படும். சக்கர நாற்காலி வளரும் குழந்தைக்கு இரண்டு மூன்று ஆண்டில் சிறிதாகிவிடும். காதொலிக் கருவியின் அச்சு அதற்கும் முன்பே பொருந்தாமல் போகும். இந்தக் கருவிகளை ஒருமுறை கொடுத்தோம் என்று கணக்கை முடித்துவிட முடியாது.

தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும் முறை பார்வைக்கு நியாயமானது. எத்தனை குழந்தைகளோ அத்தனை பங்கு. ஆனால் கல்வியில் மிகப் பெரிய செலவு ஆசிரியர். ஆசிரியரைத் தலைக்கணக்கில் பங்குபோட முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு பயிற்றுநருக்கு மாதம் வெறும் 10,000 ரூபாய் கொடுத்தாலும் ஆண்டுக்கு 1,20,000 ஆகிறது. பழைய விதிப்படி ஒரு குழந்தைக்கு 1,000 ரூபாய்தான் பயிற்றுநருக்கு என்றால், அவர் 120 குழந்தைகளைப் பார்த்தாக வேண்டும். முழு 3,000 ரூபாயையும் அவருக்கே கொடுத்து, குழந்தைக்கு ஒரு பென்சிலும் வாங்காமல் விட்டாலும் 40 குழந்தைகள். ஒரு பயிற்றுநர் ஊர் ஊராக அலைவதற்கு நிர்வாகக் கோளாறும், ஆர்வக் குறைவும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தொகையைத் தீர்மானித்த அன்றே அவருடைய அலைச்சலும் தீர்மானமாகிவிட்டது. இப்போது பயிற்றுநர் ஊதியம் தனித் தலைப்பில் வருகிறது என்றாலும், அதுவும் ஆண்டுதோறும் டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் கூடி அனுமதிக்கும் தொகைதான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பார்க்கலாம். கடும் பாதிப்புள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கும் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. 1,500 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 2,000. ஆண்டுக்கு 24,000. நல்ல காரியம், அந்தப் பணம் வரும் வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவு என்பது அந்த வீடுகளுக்குத்தான் தெரியும். ஆனால் அதே குழந்தைக்குக் கல்விக்கென்று தலைக்கணக்கில் ஒதுக்கியது 3,500. பராமரிக்கத் தகுந்தவர் என்பதை அரசு மனதார ஏற்றுக்கொண்டிருக்கிறது. படிக்கத் தகுந்தவர் என்பதை இன்னும் அரைமனதோடுதான் ஏற்றிருக்கிறது.

சலுகைகளிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. சொல்வதை எழுதுபவர் உண்டு. கற்றல் குறைபாடு உள்ளவருக்கு மொழிப்பாட விலக்கு உண்டு. இவை தேவையானவை, போராடிப் பெற்றவை. ஆனாலும் கவனியுங்கள்: இவற்றில் எதற்கும் அரசுக்குப் பெரிய செலவு கிடையாது. பத்து ஆண்டு கற்பித்திருக்க வேண்டியதைக் கற்பிக்காமல், கடைசி நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறோம். எழுத்தும் ஒலியும் இணையாமல் தவிக்கும் குழந்தைக்கு இரண்டாம் வகுப்பிலேயே அதற்கான முறையில் கற்பித்திருந்தால், மொழிப்பாட விலக்குக் கேட்டு அதன் தாய் சான்றிதழோடு அலைய வேண்டியிருக்காது. சென்னையில் 1991இலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொடங்கப்பட்டது. வழிமுறை தெரியாத ஊரல்ல இது.

அலைச்சல் என்றதும் சான்றிதழைச் சொல்லாமல் இருக்க முடியாது. தலைக்கணக்கில் பணம் வந்தால் யார் யார் கணக்கில் வருகிறார்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. 40 சதவீதக் குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால்தான் பல உரிமைகள் கைக்கு வரும். தனித்துவ அடையாள அட்டை வேண்டும். அதற்கு முகாமுக்குப் போக வேண்டும். ஒருநாள் கூலி போகும். கால் இல்லாததை முகாமில் உடனே பார்த்துவிடலாம். லேசான அறிவுசார் குறைபாட்டையும், ஆட்டிசத்தையும், கற்றல் குறைபாட்டையும் ஒரு காலை நேரத்தில் பார்த்துவிட முடியாது. வகுப்பாசிரியரே முதற்கட்டமாகக் கண்டறிய உதவ என்.சி.இ.ஆர்.டி. 2022இல் ‘பிரஷஸ்த்’ என்ற செயலியை வெளியிட்டது. ஆனால் கண்டறிந்த பிறகு குழந்தையை யாரிடம் அனுப்புவது? கேள்வி மீண்டும் அந்தப் பயிற்றுநரிடமே போய் நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தமிழகத்தில் 11.79 லட்சம். 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் அப்போது கல்வி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் 61 சதவீதம். 27 சதவீதம் பேர் ஒருநாள்கூடப் பள்ளி வாசலை மிதித்ததில்லை. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த மறுவருடக் கணக்கு இது.

இந்தச் சிக்கலை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் சிறப்பு ஆசிரியர்களே. உத்தரப் பிரதேசத்திலிருந்து சென்ற அந்த வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று தீர்ப்பு வந்தது. அப்போது நாடெங்கும் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் 22.5 லட்சம், சிறப்பு ஆசிரியர்கள் 28,535. வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 79 குழந்தைகள். நீதிபதி கான்வில்கர் தலைமையிலான அமர்வு, சிறப்பு ஆசிரியருக்கான விகிதத்தை மத்திய அரசு உடனே வகுத்து அறிவிக்க வேண்டும், அதுவரை ஓர் இடைக்கால விகிதத்தைப் பின்பற்ற வேண்டும் என்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சாதாரண ஆசிரியருக்கு விகிதம் இருக்கிறது, சிறப்பு ஆசிரியருக்கு இல்லை என்ற குறையை அது சுட்டியது. பள்ளிதோறும் நிரந்தர ஆசிரியர் கிடைக்கும்வரை, சில பள்ளிகளுக்குப் பொதுவாகச் சுற்றிவரும் ஆசிரியரை வைத்துச் சமாளிக்கவும் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டில் மத்திய கல்வி அமைச்சகம், தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்து அறிவிக்கையாக வெளியிட்டது.

தீர்ப்பு வந்து மூன்றரை ஆண்டு நெருங்கும்போது, 2025 மார்ச்சில், வழக்கு மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் பணியிடங்களைக்கூட இன்னும் உருவாக்கவில்லை என்பதைப் பார்த்த நீதிமன்றம், மூன்று வாரத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிட எண்ணிக்கையை அறிவிக்கச் சொன்னது. ஒப்பந்தத்தில் இருபது ஆண்டுவரை உழைத்தவர்களும் இருப்பதால், மாற்றுத்திறனாளிகள் ஆணையர், கல்விச் செயலர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பிரதிநிதி ஆகிய மூவர் குழு அவர்களுடைய தகுதியைப் பரிசீலிக்க வேண்டும், வயது வரம்பைத் தளர்த்தலாம் என்றது. இருபது ஆண்டு என்றால், முதல் ஆண்டில் அந்தப் பயிற்றுநர் கைபிடித்து எழுதப் பழக்கிய குழந்தை இன்று முழுதாக வளர்ந்த மனிதர். பயிற்றுநர் இன்னும் தற்காலிகம்.

விகிதத்தை உண்மையாக நிறைவேற்றினால் எத்தனை பேர் வேண்டும்? 22.5 லட்சத்தைப் பதினைந்தால் வகுத்தாலே ஒன்றரை லட்சம். நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்த சிறப்புக் கல்வியாளர்கள் சுமார் 1.2 லட்சம். பதிவுசெய்த ஒவ்வொருவரையும் வேலைக்கு எடுத்தாலும் போதாது. இதைக் காரணம் காட்டி, ஆள் இல்லை என்று சில மாநிலங்கள் கைவிரிப்பதுண்டு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி கற்பிக்கிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறப்புக் கல்வியில் பி.எட். நடத்துகிறது. படித்து முடித்தவருக்கு முன்னால் இருப்பது தொகுப்பூதியம் என்றால், அடுத்த ஆண்டு யார் வந்து சேர்வார்கள்? முதலில் பணியிடம் வர வேண்டும், ஆள் தன்னால் வரும். சாதாரண பி.எட். படிப்புக்கு இந்த மாநிலத்தில் எப்படிக் கூட்டம் சேர்ந்தது என்பது நாம் பார்த்ததுதானே.

திட்டப்பணம் எவ்வளவு நிலையற்றது என்பதைத் தமிழகம் 2024இல் நேரில் கண்டது. சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2024–25க்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை. புதிய கல்விக் கொள்கையை, அதில் மும்மொழியை, ஏற்கவில்லை. பணம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதம் வர வேண்டிய முதல் தவணை 573 கோடியே வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் திட்ட ஊழியர்களின் சம்பளம் தடைபட்டது. மாநில அரசு தன் பணத்தை எடுத்துச் சமாளித்தது. 2025 மே மாதம் வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது.

மொழிக் கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். என் நிலைப்பாடு மாநிலத்தின் பக்கம். இங்கே நான் சொல்ல வருவது வேறு. இந்தி கற்பிப்பதா வேண்டாமா என்று இரண்டு அரசுகள் மோதும்போது, பேச்சே வராத ஒரு குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரின் சம்பளம் நின்றுபோகிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே திட்டத்தின் மூட்டைக்குள் இருந்ததால் ஒன்றைப் பிடித்தபோது மற்றதும் மாட்டிக்கொண்டது. அதே வாரத்தில் அதே பள்ளியின் கணித ஆசிரியருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் சம்பளம் மாநிலத்தின் நிலையான கணக்கிலிருந்து வருகிறது.

உரிமையை மட்டும் உறுதியாக்கினால் போதும், பணம் பின்னால் வரும் என்று நம்புபவர்கள் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே நடந்தது நமக்கு நேர் எதிர்.

1971 ஏப்ரல்வரை அங்கே சில குழந்தைகள் ‘கல்விக்கு ஏற்றவர் அல்லர்’ என்று முத்திரை குத்தப்பட்டுச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருந்தார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்கள் எல்லோரையும் கல்வித் துறைக்கு மாற்றியது. துறை மாறியது சின்ன விஷயம்போலத் தோன்றும். குழந்தை நோயாளி என்ற நிலையிலிருந்து மாணவன் என்ற நிலைக்கு வந்தது அந்த ஒரு மாற்றத்தால்தான். 1978இல் மேரி வார்னக் தலைமையிலான குழு, ஐந்தில் ஒரு குழந்தைக்குப் படிப்புக் காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் சிறப்புத் தேவை எழும் என்றது. அதைத் தொடர்ந்து வந்த 1981ஆம் ஆண்டுச் சட்டம், கடும் தேவையுள்ள குழந்தைக்குத் தனித்தனியே ஓர் ஆவணம் எழுதி, அதிலுள்ளதை உள்ளாட்சி அமைப்பு கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டது. 2014இல் அந்த ஆவணம் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்த திட்ட ஆவணமாகி, 25 வயதுவரை நீண்டது.

ஆவணம் கையில் இருந்தால் பணம் சட்டப்படி வந்தாக வேண்டும். ஆனால் சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்குச் சாதாரணப் பள்ளி தன் நிதியிலிருந்து ஆண்டுக்கு முதல் 6,000 பவுண்டைப் போட வேண்டும். அந்த 6,000 என்ற எல்லை 2013இல் வைத்தது. விலைவாசி ஏறியும் மாறவில்லை. நம் 3,500ஐப் போலவே அசையாமல் நின்றது. பள்ளிகள் திணறின; சாதாரண வகுப்பறையில் கிடைத்துவந்த துணை ஆசிரியர் உதவி குறைந்தது; பெற்றோர் ஆவணத்தை நோக்கி ஓடினார்கள். 2015இல் 2.4 லட்சமாக இருந்த ஆவணங்கள் 2024 ஜனவரியில் 5.76 லட்சம். உள்ளாட்சி மறுத்தால் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள். விசாரணைவரை சென்ற வழக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வெல்கிறார்கள். அரசுச் சிறப்புப் பள்ளியில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 23,900 பவுண்டு ஆகும். இடமில்லாமல் தனியார் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினால் 61,500. இந்தக் குழந்தைகளுக்கென்று அரசு ஒதுக்கும் ‘உயர்தேவை நிதி’ 2024–25இல் 1,070 கோடி பவுண்டு. இவ்வளவுக்குப் பிறகும் குழந்தைகளின் கல்வி விளைவுகளில் முன்னேற்றம் தெரியவில்லை என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 அக்டோபரில் எழுதியது. 2026 மார்ச் வாக்கில் உள்ளாட்சிகளின் பற்றாக்குறை 430 முதல் 490 கோடி பவுண்டு ஆகும் என்றும் மதிப்பிட்டது. அந்தப் பற்றாக்குறையைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைக்க 2020இலிருந்து தனிவிதி இருக்கிறது. 2028 மார்ச்வரை அதை நீட்டியிருக்கிறார்கள். வார்னக் அம்மையாரே 2005இல், தான் முன்மொழிந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார்.

அமெரிக்காவில் 1975இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம்வரை மத்திய அரசு தரும் என்று சொன்னது. பொருளாதார மீட்புக்காக 2009இல் கொட்டிய ஒருமுறைப் பணத்தை விட்டுவிட்டால், அது 20 சதவீதத்தைக்கூட எட்டியதில்லை. ஆனாலும் அங்கே குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. மத்தியப் பணம் குறைந்தால் மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும் தங்கள் கையிலிருந்து போட்டாக வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, உரிமை கொடுத்தால் கடன் வரும் என்ற பயத்தை அல்ல. சாதாரணப் பள்ளிக்குள் ஆசிரியரும் உதவியும் இருந்திருந்தால் அத்தனை பேர் ஆவணம் தேடி ஓடியிருக்க மாட்டார்கள். பணம் குழந்தையின் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டு வந்தால், பெற்றோர் சான்றிதழுக்காகவே போராடுவார்கள். பள்ளியில் நிலையாக ஒருவர் இருந்தால், சான்றிதழ் வரும் முன்பே குழந்தைக்குக் கற்பித்தல் தொடங்கிவிடும். எனக்குத் தெரிந்தவரை பெற்றோர் கேட்பதும் இதைத்தான். மற்ற தாய்மார்கள் ‘என் பிள்ளைக்கு எந்த டீச்சர்?’ என்று கேட்கிறார்கள். இந்தத் தாய் ‘டீச்சர் என்னைக்கு வருவாங்க?’ என்று கேட்கிறாள்.

அந்த ‘என்னைக்கு’ மிகவும் கொடியதாவது வீட்டுவழிக் கல்வியில். படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தைகளுக்கு அது அவசியம். பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப்போவதைப்போலக் கருணையான அரசுப் பணி அதிகம் இல்லை. ஆனால் வாரத்தில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் அது நீள்வதில்லை. பேருந்து வசதியும், துணைக்கு ஒருவரும், பள்ளியில் ஏற்ற கழிப்பறையும் இருந்தால் வகுப்புக்கு வந்துவிடக்கூடிய குழந்தையும் இதே பட்டியலில் எழுதப்பட்டுவிடும் அபாயம் எப்போதும் உண்டு. பட்டியலில் அவன் பெயர் இருக்கும், சேர்க்கைக் கணக்கில் அவன் பள்ளி மாணவன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவனைத் தெரியாது.

துறைப் பிரிவையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் சாதாரணப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ். அரசுச் சிறப்புப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ். சிறப்புப் பள்ளிகளில் பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிரெய்லியும் சைகை மொழியும் அங்கே வாழும் மொழிகள். சில கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊராட்சிப் பள்ளியில் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த அறிவு போய்ச் சேர ஒரே துறையின் ஒரு சுற்றறிக்கை போதாது. இரண்டு செயலர்கள் பேசிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து 1971இல் செய்த அந்தத் துறை மாற்றத்தை நாம் இன்னும் செய்யவில்லை.

எனவே நீதிமன்ற ஆணையை ஒட்டிப் பணியிடங்களை உருவாக்கும் அரசாணைகள் எந்த மாநிலத்தில் வந்தாலும், தலைப்புச் செய்தியில் வரும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பெற்றோர் சங்கங்களும் பயிற்றுநர் சங்கங்களும் அரசாணையின் கடைசிப் பத்திகளைப் படிக்க வேண்டும். செலவினத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைப்பது என்று அங்கேதான் எழுதியிருக்கும். 2235 என்று தொடங்கினால் அது சமூகப் பாதுகாப்பும் நலனும். குழந்தை இன்னும் நலத்துறையின் பயனாளி. 2202 என்று தொடங்கினால் பொதுக் கல்வி. அதற்கு அடுத்த வரியில் அது மத்தியப் பங்கை எதிர்பார்க்கும் திட்டச் செலவா, பக்கத்து அறைக் கணித ஆசிரியருடையதைப்போல மாநிலம் தானே ஏற்கும் நிலையான ஊதியமா என்றும் பார்க்க வேண்டும். பிறகு, அந்தப் பணியிடம் வட்டார வளமையத்துக்கா அல்லது பெயர் குறிப்பிட்ட ஒரு பள்ளிக்கா என்பதையும்.